‘விபத்துகள்’ என்ற தலைப்பின் கீழ்

மார்ச் 4, செவ்வாய்

காலை முழுவதும் ஒரே சண்டை. ஓடுபாதையின் நீளத்தை மீட்டரில் போடுவதா, அடியில் போடுவதா? முதலில் மீட்டர், அடுத்து அடி, எல்லாக் கட்டுரையிலும் அப்படியே என்று தீர்ப்புச் சொன்னேன். கமா தலையாட்டினார். பக்கத்து மேசைக்காரருக்கு நான் வைத்த பெயர் அது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒரு காற்புள்ளி இடம் மாறியிருந்தால் அன்று அவருக்குச் சோறு இறங்காது.

எங்கள் இணையக் கலைக்களஞ்சியத்தில் விமான நிலையங்கள் என் பொறுப்பு. நூற்றுக்கு மேல் கட்டுரைகள். எதைத் திறந்தாலும் அமைவிடம், வரலாறு, ஓடுபாதை, முனையம், சேவைகள், விபத்துகள் என்று அதே வரிசையில் இருக்கும். இதற்காகப் போன வருடம் ஒரு மாதிரிக் கட்டுரை எழுதி வைத்தேன். எல்லோரும் அதைப் படியெடுத்து, அதன் மேலேயே தங்கள் ஊர் விவரங்களை நிரப்புவார்கள்.

பதினெட்டாம் தேதி பள்ளிக்கூடங்களுக்கான குழு வருகிறது. அவர்களுக்குப் பிடித்துவிட்டால் எல்லாப் பள்ளியிலும் நம் கலைக்களஞ்சியம்தான். "உங்க பகுதியைத்தான் முதல்ல காட்டப்போறேன். அச்சுல வார்த்த மாதிரி இருக்கு" என்றார் பொறுப்பாசிரியர். மிதந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். இவரிடம் சொன்னால், "செருப்பையே அகரவரிசைல அடுக்கச் சொல்றவளாச்சே நீ" என்கிறார். கணவன் வாயால் வருகிற பாராட்டு இவ்வளவுதான்.

மார்ச் 5, புதன்

தம்பி மகள் வாலு போன் செய்தாள். வகுப்பில் ‘அப்பா அம்மா வேலை பார்க்கும் இடம்’ பற்றிப் பேச வேண்டுமாம். தம்பிக்கு விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை. சின்ன நிலையம்தான். கோபுரத்தில் மொத்தமே மூன்று பேர்.

"அப்பாகிட்ட கேட்டு எழுதட்டுமா அத்தை?"

"வாய்ச்சொல் சான்று ஆகாது. நம்ம கட்டுரையைப் பாரு" என்றேன்.

அவளுக்கு ஆறு வயதிலிருந்து நான் ஓதிவரும் மந்திரம் இது. எங்கள் அலுவலக விதியும் இதுதான். ஒரு வரியைச் சேர்க்கவும் சான்று வேண்டும், நீக்கவும் சான்று வேண்டும். அந்தக் கட்டுரையை நான் எழுதவில்லை. தம்பி வேலை செய்கிற இடம் ஆயிற்றே, நாளைக்கு யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று கமாவிடம் கொடுத்தேன். படித்துக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு யோக்கியம்!

மார்ச் 7, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதினால்தான் மனசு நிற்கும்.

மத்தியானம் தம்பி போன். எடுத்ததும், "உனக்கு என் மேல என்னக்கா கோபம்?" என்றான். விளையாடுகிறான் என்று நினைத்தேன். குரல் விளையாட்டாக இல்லை.

வாலு வகுப்பில் எழுந்து நின்று கட்டுரையை வாசித்திருக்கிறாள். அத்தையின் கட்டுரை என்ற பெருமையில் முன்கூட்டி முழுக்கப் படிக்கவில்லை. ஓடுபாதை, முனையம் எல்லாம் கடந்து கடைசிப் பத்திக்கு வந்திருக்கிறாள். மழைநாளில் தரையிறங்கிய சிறு விமானம் ஓடுபாதையை விட்டு விலகியது. நால்வர் இறந்தனர். கோபுரப் பணியாளரின் கவனக்குறைவே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. போட்டிருந்த வருடத்தில் தம்பி அங்கேதான் இருந்தான்.

வாசித்து முடித்து நின்றிருக்கிறாள். யாரோ ஒரு பெண், "உங்க அப்பாவா?" என்று கேட்டிருக்கிறாள்.

"வீட்டுக்கு வந்து கேட்டாக்கா. அப்படி ஒண்ணு நடக்கவே இல்ல. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, சிரிச்சிட்டேன். அதுதான் தப்பாப் போச்சு. நாலு பேர் செத்ததுக்கு சிரிக்கிறீங்களான்னு கேக்குறா. நான் என்ன சொன்னாலும், வாய்ச்சொல் சான்று ஆகாதுங்கறா. யார்க்கா சொல்லிக் குடுத்தது?"

தம்பி அந்தப் பத்தியைச் சொல்லத் தொடங்கியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அது என் பத்தி. போன வருடம் மாதிரிக் கட்டுரையில், விபத்துகள் பகுதியை எப்படிச் சுருக்கமாக எழுத வேண்டும் என்று காட்டுவதற்காக நானே கற்பனையில் எழுதியது. விமானமும் மழையும் நாலு பேரும் என் மூளையில் பிறந்தவை. அந்த வருடமும் சும்மா தோன்றியதுதான்.

"தம்பி, அது பொய்டா, நான் எடுத்துடறேன்" என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.

மார்ச் 8, சனி

அலுவலகம் விடுமுறை. பொறுப்பாசிரியர் போனை எடுக்கவில்லை. வெளியான கட்டுரையில் அவர் ஒப்புதல் இல்லாமல் யாரும் கை வைக்க முடியாது. அதுவும் நான் போட்ட விதிதான்.

தம்பிக்கு நாலு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. எல்லாவற்றையும் செய்தியாக எழுதி அனுப்பினேன். படித்துவிட்டான். பதில் இல்லை.

மார்ச் 10, திங்கள்

கமாவிடம்தான் முதலில் போனேன். சண்டை போடுகிற எண்ணத்தோடு போனேன் என்பதை ஒளிக்க வேண்டாம். கட்டுரையைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"மேல எல்லாத்தையும் மாத்தினேம்மா. கடைசிப் பத்திக்கு வந்தேன். ஒரு பிழை இல்ல. ஒரு புள்ளி இடம் மாறல. அதான் கை வைக்கல."

அதற்கு மேல் என்ன சண்டை போடுவது? அந்தப் பத்தியை இழைத்து இழைத்து எழுதியவள் நான். ‘இது மாதிரி மட்டும்’ என்று தலையில் ஒரு வரி போட்டிருக்கலாம். போட்டால் பக்க அமைப்பு கெட்டுவிடும் என்று விட்டேன். அழகு பார்த்தேனே, அழகு!

பொறுப்பாசிரியர் முழுவதும் கேட்டார். எழுந்து வந்து, என் தோளுக்கு மேலே கையை நீட்டி, பத்தியைத் தேர்ந்தெடுத்து அழித்தார். "முடிஞ்சுது. சத்தமில்லாம விட்டுடுங்க" என்றார்.

"திருத்தக் குறிப்பு போடணும் சார்."

"ஒண்ணுல குறிப்பு போட்டா, மத்ததுல என்ன இருக்கோன்னு குழுவுக்குத் தோணாதா?"

அப்படியே விட்டுவிட்டேன். வெட்கம்தான். ஆனாலும் பத்தி போய்விட்டதே என்று ஒரு நிம்மதி இருந்தது. வாலுவுக்கு ஒரு வரி அனுப்பினேன்: ‘கட்டுரையைப் பாருடா, சரியாகிவிட்டது.’

மார்ச் 11, செவ்வாய்

வாலுவின் பதில்: ‘பார்த்தேன். அப்பாவுக்காக அழிச்சிட்டீங்க.’

மார்ச் 12, புதன்

நேற்றிலிருந்து அந்த ஒரு வரியைத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அவள் சொல்வதில் என்ன தவறு? சான்று இல்லாமல் ஒரு வரியையும் நீக்கக் கூடாது என்று சொன்ன அத்தை, எந்தச் சான்றும் காட்டாமல் தன் தம்பி மேல் இருந்த குற்றத்தை மட்டும் நீக்கியிருக்கிறாள். பத்தி இருந்தபோது கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருக்கும். அழித்ததும் உறுதியாகிவிட்டது.

நடக்காத ஒன்று நடக்கவில்லை என்பதற்கு எங்கே போய்ச் சான்று தேடுவது?

தம்பி மனைவியிடம் பேசினேன். அப்பாவும் மகளும் ஒரே மேசையில் சாப்பிடுவதில்லையாம். அவன் வேலை முடிந்து வருகிற சத்தம் கேட்டால் தட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுகிறாள். "அவர் திட்டவும் இல்ல அண்ணி. வாசல்லயே கொஞ்ச நேரம் நின்னுட்டு, அவ உள்ள போனப்புறம் வர்றாரு."

இது என்னால்தான். வேறு யாராலும் இல்லை. அய்யோ, என் தம்பி.

மார்ச் 13, வியாழன்

மறுபடி கேட்டேன். குறிப்பு வேண்டும், ‘மாதிரிக்காகக் கற்பனையாக எழுதிய பத்தி தவறுதலாக இடம்பெற்றது’ என்று தெளிவாக வேண்டும் என்றேன்.

"பதினெட்டு முடியட்டும்."

"அதுக்குள்ள அந்தப் பொண்ணு மனசுல அது காய்ஞ்சு கெட்டியாயிடும் சார்."

"உங்க குடும்ப விஷயத்தை ஆபீஸ் விஷயமாக்காதீங்க" என்றார். முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. குடும்ப விஷயமாம்! தம்பி என்பதால்தானே அந்தக் கட்டுரையின் பக்கமே போகாமல் ஒதுங்கினேன்?

மார்ச் 15, சனி

இவர் கேட்டார்: "குறிப்பு போட்டா வேலை போயிடுமா?"

"போகாது. போனாலும் போகலாம்."

"சரி. பிறகென்ன?"

அவருக்கு எல்லாம் சுலபம்.

மார்ச் 18, செவ்வாய்

மூன்று பேர் வந்தார்கள். அதில் ஒருவர் ஒரு பள்ளியின் தலைமை ஆசிரியை. பொறுப்பாசிரியர் பெரிய திரையில் விமான நிலையங்களை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து காட்டினார். எல்லாம் ஒரே வரிசை, ஒரே நடை.

"எல்லாம் ஒரே ஆள் எழுதின மாதிரி இருக்கே. எப்படி முடிஞ்சுது?" என்று அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கேட்டார்.

பாராட்டாகத்தான் கேட்டார். மாதிரிக் கட்டுரை பற்றி இரண்டு வார்த்தை சொல்லி உட்கார்ந்திருக்கலாம். இரண்டு வார்த்தை சொன்னேன். உட்காரவில்லை. அதிலிருந்த கடைசிப் பத்தி நான் கட்டிய கதை என்றும், அது அப்படியே ஒரு கட்டுரையில் வெளியாகிவிட்டது என்றும், ஒரு குழந்தை அதை வகுப்பில் வாசித்தாள் என்றும் சொன்னேன். யாருடைய குழந்தை என்றும் சொன்னேன். பொறுப்பாசிரியர் இருமினார். பிறகு இருமுவதையும் நிறுத்திவிட்டார்.

"மத்த கட்டுரைங்கள்ல அது இல்லன்னு தெரியுமா?" என்றார் தலைமை ஆசிரியை.

"தெரியாதும்மா. இன்னும் பார்க்கல."

பார்த்து முடித்துவிட்டுச் சொல்லுங்கள், அப்புறம் வருகிறோம் என்று எழுந்துவிட்டார்கள்.

"பெரிய உபகாரம் பண்ணீங்க" என்றார் பொறுப்பாசிரியர். அதோடு சரி. சாயங்காலம் வரை யாரும் என் மேசைப் பக்கம் வரவில்லை. கமா மட்டும் வந்து ஒரு டீயை வைத்துவிட்டு, "முதல் எழுத்துலேருந்து ஆரம்பிக்கலாமாம்மா?" என்று கேட்டார்.

மார்ச் 21, வெள்ளி

கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு இருவரும் எல்லாக் கட்டுரையையும் பார்த்து முடித்தோம். இன்னும் இரண்டு கட்டுரைகளில் அதே பத்தி இருந்தது. இரண்டையும் எழுதியவர்கள் வேறு ஆட்கள். பார்த்தவள் நான், ‘சரி’ என்று போட்டவளும் நான். அந்த ஊர்களில் எந்தக் குழந்தை எழுந்து நின்று வாசித்ததோ.

மூன்றிலும் குறிப்பு போட்டாயிற்று. பொறுப்பாசிரியர் பேசாமல் ஒப்புதல் கொடுத்தார். பகுதிப் பொறுப்பு இனி கமாவுக்கு. நான் அவருக்குக் கீழே. இரண்டு வாரம் முன்பாக இருந்தால் அழுதிருப்பேன்.

மார்ச் 22, சனி

முதல் பஸ் பிடித்துத் தம்பி வீட்டுக்குப் போனேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துத்தான் போனேன். வாலு கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரத்தில் முகம் பெரிய மனுஷி முகமாகிவிட்டது.

குறிப்பைக் காட்டினேன். படித்தாள்.

"இதுக்கு என்ன சான்று?"

"நான்தான்டா. அந்தக் கதையைக் கட்டினதே நான்."

"வாய்ச்சொல்."

எனக்குச் சுருக்கென்றது. ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். மாதிரிக் கட்டுரையைத் திறந்து, அதை எழுதிய தேதியைக் காட்டினேன். அப்பாவின் நிலையத்துக் கட்டுரை அதற்கு நாலு மாதம் பிந்தியது. மற்ற இரண்டு கட்டுரைகளின் பழைய வடிவங்களையும் பக்கத்தில் வைத்தேன். ஊர் வேறு வேறு. மழையும் விமானமும் நாலு பேரும் அதே வருடமும் மூன்றிலும் இருந்தன. ஒவ்வொரு வரியாக விரல் வைத்து ஒப்பிட்டாள். அவசரப்படவே இல்லை. நான் வளர்த்த பிள்ளை!

"யாருமே சாகலையா?"

"யாருமே சாகல."

"நீங்க ஏன் நாலு பேர்னு எழுதினீங்க?"

"யோசிக்காம எழுதிட்டேன்டா. தப்பு. மன்னிச்சிக்கோ" என்றேன். அவள் கணினியை மூடிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். ஒரு மணி நேரம் தம்பி மனைவியோடு உட்கார்ந்திருந்தேன். கதவு திறக்கவில்லை. பஸ்ஸுக்கு நேரமாயிற்று, கிளம்பிவிட்டேன்.

மார்ச் 26, புதன்

தம்பியிடமிருந்து போன் இல்லை. நானும் செய்யவில்லை. பயம்.

ஏப்ரல் 9, புதன்

மத்தியானம் கமா கூப்பிட்டார். வாசகர்கள் அனுப்பும் திருத்தங்களை இப்போது அவர்தான் பார்க்கிறார். தம்பியின் நிலையத்துக் கட்டுரைக்கு ஒன்று வந்திருந்தது. ‘இங்கே 09, 27 என இரண்டு ஓடுபாதைகள் உள்ளன’ என்று நாம் எழுதியிருந்தோம். அது தவறாம். ஓடுபாதை ஒன்றுதானாம். எந்தப் பக்கமிருந்து விமானம் வருகிறதோ அந்தப் பக்கத்துக்கு ஒரு எண்ணாம், அதனால் ஒரே பாதைக்கு இரண்டு எண்களாம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்ட இரண்டு பேருமே இதைக் கோட்டைவிட்டிருக்கிறோம்.

கீழே ‘சான்று’ என்ற இடத்தில் எழுதியிருந்தது: ‘எங்கப்பா. நேத்து கோபுரத்துக்குக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சார்.’

கமா கண்ணாடியைத் துடைத்தார். "விதிப்படி இது வாய்ச்சொல்லாச்சேம்மா. தள்ளணுமே."

‘ஏத்துக்குங்க சார்’ என்று கையால் காட்டினேன். அவர் ஒரு காற்புள்ளியை மட்டும் இடம் மாற்றிவிட்டு ஏற்றுக்கொண்டார்.