இரும்புக் கத்தரிக்காய்

சான்ஜோ,
ஜூலைக் கடைசி ஞாயிறு

அன்புள்ள கோசுகேவுக்கு,

இங்கே மழைக்காலம் முடிந்து வெயில் ஏறிவிட்டது. பெர்த்தில் குளிர் என்று எழுதியிருந்தாய். கழுத்தை மூடிக்கொள், உனக்கு முதலில் தொண்டைதான் கட்டும். எனக்குப் பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டது. வேதியியல் விடைத்தாள்கள்தான் பாதி மிச்சம்.

அப்பா போனபின் வரும் முதல் ஓபோன் பண்டிகை இது. வாசலில் மாட்ட வெள்ளை விளக்கு வாங்கிவிட்டேன். இறந்தவர்கள் வெள்ளரிக்காய்க் குதிரையில் விரைந்து வந்து, கத்தரிக்காய் மாட்டில் மெதுவாகத் திரும்பிப் போகிறார்கள் என்பதை நான் ஒருநாளும் நம்பியதில்லை. ஆண்டுதோறும் காய்களில் குச்சிக் கால் செருகியது அப்பாதான். இந்த முறை யார் செய்வது என்று நான் யோசிப்பதற்குள் உன் அத்தை கினுவே, "அண்ணி, அதை என்கிட்ட விட்டுடுங்க" என்றாள்.

அவளுடைய உலோகச் சிற்பங்களைப் பற்றி என் கருத்து உனக்குத் தெரியும். செப்புக் கம்பியில் வைக்கோல் செருப்பு பின்னினாள். யார் போட்டு நடப்பது என்று கேட்டேன். எஃகில் தேநீர் மத்து செய்தாள். கிண்ணம் கீறிவிடும் என்றேன். "கீறட்டுமே அண்ணி" என்று சிரித்தாள்.

குதிரை முதலில் வந்தது. மெல்லிய செம்புத் தகடு, உள்ளே வெற்றிடம், சுண்டுவிரலில் தூக்கலாம். உப்பும் காடியும் பூசி மூடிவைத்துப் பச்சை ஏற்றியிருக்கிறாள். செம்பின் களிம்பைப் பற்றி இத்தனை வருடம் வகுப்பெடுத்திருக்கிறேன். அது வெள்ளரித் தோலாக முடியும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நெடுநேரம் அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

பிறகு மாடு. பொறுமையாகப் படி. அது அப்பா கத்தி அடித்த பட்டடைக்கல். அந்த இரும்புக் கட்டையை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கொண்டுபோய்த் தேய்த்துக் கத்தரிக்காய் ஆக்கிவிட்டாள். நான் குரலை உயர்த்தினேன். கோசுகேவுக்கென்று அவர் வைத்திருந்ததைத் தொட நீ யார் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அவள் மேலே கிடந்த துணியை விலக்கினாள். கருநீல மினுமினுப்பில் கொழுத்த ஒரு கத்தரிக்காய், நான்கு குட்டைக் கால்கள். முதுகில் ஓர் இடத்தில் மட்டும் அவள் கைவைக்கவில்லை. அது அப்பாவின் சுத்தியல் பட்டுப் பட்டுக் குழிந்த இடம்.

"அண்ணன் உக்கார இடம் வேணாமா?" என்றாள்.

அந்தக் குழியைத் தடவிப் பார்த்தேன். இத்தனை நாள் அவளைக் கேலி செய்திருக்கிறேனே என்று இருந்தது.

அவளுடைய தோழிகள் வந்து சேர்ந்து தூக்கி, அதைப் பூஜை மாடத்தின் முன் வைத்துவிட்டுப் போனார்கள். இப்போது வீட்டுக்குள் பார்த்து நிற்கிறது. ஆகஸ்ட் பதினாறாம் தேதி மாலை, வழியனுப்பும்போது, வாசலைப் பார்க்கத் திருப்ப வேண்டும்.

பக்கத்து வீட்டு ஹொம்மா பார்க்க வந்தார். "ஏம்மா கினுவே, இதுல ஏறினா உங்க அண்ணன் அடுத்த ஓபோனுக்குத்தான் போய்ச் சேருவாரு" என்றார்.

"அதுக்குத்தானே செஞ்சேன்."

"சரி, திருப்பணும்னா சொல்லு. என் அரிசிக் கிடங்குலேருந்து மூட்டை தூக்குற ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டிட்டு வரேன்."

"எங்க அண்ணன் என்ன அரிசி மூட்டையா? வீட்டு ஆளுங்க கைதான் படணும். மூணு பேர் வேணும்."

ஹொம்மா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அப்பாவோடு சண்டை போட்டுப் போனவன், இறுதிச் சடங்குக்கும் வராதவன், இப்போது எந்த முகத்தோடு வருவது என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாய். நான் உன் விடுமுறையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டேன். நீ போன பிறகும் அப்பா, பட்டடைக்கு எதிர்ப்புறம், நீ நின்று சுத்தியல் போட்ட இடத்தில், எதையும் வைக்க விட்டதில்லை. நான் ஒருமுறை வாளியை வைத்தபோது, "அது அவன் நிக்கிற இடம்" என்று காலால் நகர்த்தினார்.

ஒரு கடப்பாரையும் அதன் கீழே வைக்க ஒரு மரக்கட்டையும் இருந்தால் அந்த மாட்டை நான் ஒருத்தியே திருப்பிவிடுவேன். நெம்புகோல் பாடம் படித்த எவருக்கும் இது தெரியும். கினுவேயிடம் நான் அதைச் சொல்லவில்லை. சொல்லப் போவதும் இல்லை.

இங்கே புழுக்கம் அதிகம். மெல்லிய சட்டைகளாகப் பார்த்து எடுத்து வை.

உடம்பைப் பார்த்துக்கொள், கண்ணா.

உன் அம்மா
மிசாவோ