தேசப்பன் ரெக்கார்டில் மூன்று வரி

ஜூன் 9, திங்கள்

காலையிலேயே வெயில். மணலிப் பக்கமிருந்து கந்தக நாற்றம், ஜன்னலைச் சாத்தியாயிற்று. பிரஷர் மாத்திரை இரண்டுதான் பாக்கி.

பத்தரைக்குச் சங்க அறை. முன்னாள் பட்டாளத்துக்காரர்களுக்கு மனு எழுதித் தரும் இந்த வேலைக்கு வந்து நாலு வருஷம். இருபத்து நாலு வருஷம் பட்டாளத்தில் கிளார்க்காக இருந்தவனுக்கு வேறென்ன தெரியும்.

இன்று மூன்று பேர். முதல் இருவரும் வழக்கமான கேஸ். மூன்றாவது ஒரு பெண், முப்பது வயதிருக்கும். கலைச்செல்வி. எண்ணூரில் கன்டெய்னர் யார்டு ஒன்றில் கேட் என்ட்ரி வேலை. வீடு கல்மண்டபம். அவள் அம்மாவின் பெயர் ரெக்கார்டில் 'ஹம்சா', ஆதாரில் 'அம்சவல்லி'. திருத்த வேண்டும்.

"தடைக்காலம் முடியறதுக்குள்ள பண்ணிட்டா தேவல சார். போட்டு கடலுக்குப் போய்ட்டா நைனாவப் புடிக்கவே முடியாது. ஹார்பர்ல மீன் ஏலம் கூவுறாரு."

அப்பாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தைத் தந்தாள். பெயர் தேசப்பன். பட்டாள நம்பரைப் பார்க்காமலேயே சொல்லியிருப்பேன்.

புத்தகத்தோடு பின் அடித்த காய அறிக்கை நகல். ஆங்கிலத்தில் மூன்று வரி. 'முகாமில் வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டதால் இடது கையில் மூன்று விரல்கள் இழப்பு. இடது காது கேளாமை. எதிரி நடவடிக்கை அல்ல.' கீழே, பதக்கங்கள்: இல்லை.

பட்டாளத்தில் எங்கள் ஆபீஸ் டைப் மெஷினில் 'ஆர்' எழுத்து எப்போதும் கொஞ்சம் மேலே ஏறி விழும். இதிலும் அப்படியே. நான் அடித்தது.

நான் அந்தப் பக்கத்தையே பார்ப்பதைக் கண்டு அவள்: "அத்த வுடு சார், அது பழைய கத. அம்மா பேர மாத்துனா போதும்."

பெயர்த் திருத்த மனு மட்டும் எழுதிக் கொடுத்தேன். இருபது நிமிஷம். ரொம்ப தேங்க்ஸ் சார் என்றாள்.

மாத்திரை வாங்க மறந்தேன்.

ஜூன் 11, புதன்

தூக்கம் சரியில்லை. மனைவி ராஜம் கேட்டாள். கொசு என்றேன்.

தேசப்பனை இனி தே. என்று எழுதுகிறேன். முழுப் பெயரை எழுதக் கை வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

அனல். மின்சாரம் இரண்டு முறை போனது.

கலைச்செல்வி வந்தாள், அப்பாவின் கையெழுத்தோடு. ஜெராக்ஸ் கடையில் கூட்டம் என்பதால் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். நான் கேட்டிருக்க வேண்டாம், கேட்டேன். கையில் அடிபட்டது பற்றி அப்பா என்ன சொல்வார்?

"குண்டு வச்சிருந்தாங்கன்னு சொல்வாரு. யாரு நம்புறா? ஒரு தபா செக்யூரிட்டி வேலக்கிப் போனாரு. அங்க எவனோ இந்தப் பேப்பரப் படிச்சிட்டான். அத்தோட ஹார்பர் பூரா பேரு பட்டாசு. பட்டாசு தேசப்பன். தீவாளி வந்தா நைனா வூட்ட வுட்டு வெளிய வரமாட்டாரு சார். ஸ்கூல்ல என்னையும் பட்டாசு பொண்ணுன்னுதான் கூப்டுவாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பிறகு:

"அங்க ஒரு பாபு இருந்தாராம். நம்ம திருவொற்றியூர் ஆளு. ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சு வாங்கினு வந்து பாத்தாராம். அவரு நல்ல மாரி எழுதலன்னா பென்ஷனே வந்திருக்காதுன்னு நைனா சொல்லிகினே இருப்பாரு. உங்களுக்குத் தெரியுமா சார் அவர?"

பட்டாளத்தில் கிளார்க்கைப் பாபு என்பார்கள்.

தெரியாது என்றேன்.

ஜூன் 15, ஞாயிறு

தடைக்காலம் முடிந்தது. எல்லா விசைப்படகும் கடலுக்குப் போய்விட்டதாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

ராஜம் கோயிலுக்குப் போனதும் பரண்மேல் இருந்த டிரங்குப் பெட்டியை இறக்கினேன். அடியில் பழைய லீவு சீட்டுகள், ஒரு பெல்ட், பிளாஸ்டிக் உறையில் அந்தக் கார்பன் காப்பி. முப்பது வருஷமாகிறது. மை மங்கவில்லை.

ஒரு தரமாவது எழுதிவைக்க வேண்டும். எழுதுகிறேன்.

வடகிழக்கில் மலைமேல் முகாம். ஆறு பேர் ரோந்து போனார்கள். போகக் கூடாது என்று தடை போட்டிருந்த பாதை அது. நேரம் மிச்சமாகும் என்று அதிகாரிதான் அதில் கூட்டிப் போனார். தீவிரவாதிகள் புதைத்துவைத்த குண்டு. தே. முதல் ஆளாக நடந்துகொண்டிருந்தார். மதியமே அறிக்கை அடித்தேன், நடந்தது நடந்தபடி. இந்தக் கார்பன் அதனுடையது.

சாயங்காலம் அதிகாரி கூப்பிட்டார். தடைப் பாதை என்று வெளியே தெரிந்தால் விசாரணை வரும். முகாமுக்குள் நடந்த விபத்து என்று மாற்றச் சொன்னார். மேஜையில் என் கல்யாண லீவு விண்ணப்பம் இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லத் தேவை இருக்கவில்லை.

மாற்றி அடித்தேன். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அரை டஜன் ஆரஞ்சு. ஒரு வெள்ளைத் தாள். "கையெழுத்துப் போடு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்றேன். போட்டார். அந்தத் தாள்தான் அவருடைய வாக்குமூலம் ஆனது. வலது கையில் அடிபடாதது எனக்குச் சௌகரியமாகப் போயிற்று.

மூன்றாம் நாள் ரயில் ஏறினேன், கல்யாணத்துக்கு.

கோயிலிலிருந்து திரும்பிய ராஜம் பெட்டியைப் பார்த்துவிட்டாள். சொல்லிவிட்டேன். அவள் கையில் விபூதிப் பொட்டலம். அதைப் பிரிக்கவே இல்லை.

"நம்ம கல்யாணத்துக்கு லீவு கிடைச்சதை ஊர் பூரா பெருமையாச் சொன்னீங்களே."

ஆமாம்.

"இப்ப எழுதிக் குடுத்தா உங்க பென்ஷனுக்கு ஏதாவது ஆகுமா?"

தெரியாது.

சமையலறைக்குப் போனாள். அங்கிருந்தே: "போய் அந்த மனுஷன்கிட்ட மொதல்ல சொல்லுங்க. கவர்மென்ட்டுக்கு அப்புறம் சொல்லலாம்."

ஜூன் 17, செவ்வாய்

கல்மண்டபம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே உப்புக்காற்றும் மீன் வாடையும். பதினோரு மணிக்கு மேல் போனால் ஏலம் முடிந்து வீட்டில் இருப்பார் என்று கலைச்செல்வி சொல்லியிருந்தாள்.

மாடிப்படிக்குக் கீழே ஒற்றை அறை. தே. பனியனோடு உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரை. உடனே அடையாளம் கண்டுகொண்டார்.

"பாபு! ஏ அம்சா, நா சொல்வேன்ல, நம்ம பாபு! குந்து பாபு, குந்து."

அந்த அம்மா கும்பிட்டார். சும்மா வணக்கமாக இல்லை. கண்ணை மூடிக் கும்பிட்டார். வஞ்சிரம் வறுக்கிறேன், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்றார்.

வறுப்பதற்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னேன். முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். நிமிர்ந்தபோது அவர் வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டிருந்தார்.

"இந்தக் காதுல சொல்லு. அது கேக்காது."

இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டம். சத்தமாகச் சொல்ல வேண்டும். அடுப்பருகே அந்த அம்மாவுக்கும் கேட்டது.

கத்துவார் என்று நினைத்தேன். அடிக்கக்கூடச் செய்யலாம், தடுக்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"நா எதியும் தொடலல்ல?"

எனக்குப் புரியவில்லை.

"எனக்கு ஒண்ணும் நெனப்பு இல்ல பாபு. நடந்துகினு இருந்தேன், அப்பால ஆஸ்பத்திரி. நடுவுல ஒண்ணுமே கெடையாது. குண்டுன்னுதான் சொல்லிகினு திரிஞ்சேன். ஆனா பேப்பர்ல போட்டுகீதே. நீ எழுதுன பேப்பராச்சே, நீ பொய் எழுதுவியா? நாமதான் இன்னாத்தையோ நோண்டிட்டோம் போலன்னு கொஞ்ச வருசமா நானே நெனச்சிகினுகீறேன். சொல்லு. தொடலல்ல?"

"தொடல. நீங்க நடந்துதான் போனீங்க. பாதையில இருந்தது."

கார்பன் காப்பியைக் கொடுத்தேன். ஆங்கிலம் படிக்க வராது அவருக்கு. இருந்தாலும் இரண்டு விரல் கையால் தாளைப் பிடித்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார்.

அந்த அம்மா அடுப்பை அணைத்தார்.

"முப்பது வருசம் உம் பேரச் சொல்லி வெளக்கேத்துனேன்யா. எம் பொண்ணு ஸ்கூலுக்குப் போமாட்டேன்னு அழுதப்ப இவுரு மேலதான் எரிஞ்சி வுழுந்தேன். ஒயுங்கா இருந்திருந்தா இந்த கெதி வருமான்னு எத்தினி தபா கேட்டுகீறேன். அத்த யாரு திருப்பி எடுக்கிறது?"



தே. அவரை அதட்டவில்லை. என்னையும் போகச் சொல்லவில்லை. தாளை என்னிடமே திருப்பி நீட்டி, "எழுதித் தா. இன்னா எழுதணுமோ எழுது" என்றார்.

மீன் தட்டிலேயே இருந்தது. சாப்பிடச் சொல்லவில்லை.

ஜூன் 20, வெள்ளி

தயார் செய்ய வேண்டியவை:
— என் பிரமாணப் பத்திரம். முத்திரைத் தாள், நோட்டரி.
— கார்பன் காப்பி, ஒரிஜினலே அனுப்ப வேண்டும்.
— அன்று ரோந்தில் இருந்த ஹவில்தார் இப்போது சித்தூரில். போனில் பிடித்தேன். "இப்பவாவது கேட்டீங்களே பாபுஜி" என்றார். எழுதித் தருகிறாராம்.
— அதிகாரி இறந்து எட்டு வருஷம். அவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நழுவக் கூடாது. 'உத்தரவின்படி மாற்றினேன்' என்று முதலில் எழுதியதை அடித்துவிட்டு 'பொய் என்று தெரிந்தே மாற்றினேன்' என்று எழுதினேன்.
— அம்சவல்லி, எழுத்துப்பிழை இல்லாமல்.

நோட்டரி படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "யோசிச்சுத்தான் கையெழுத்துப் போடறீங்களா?" ஆமாம்.

சங்கச் செயலாளரிடமும் சொன்னேன். இனி என் மேஜைக்கு வர வேண்டாம் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். "திங்கக்கிழமை வாங்க, ஆள் இல்ல" என்றார். சொல்லியிருந்தால் தேவலை போலிருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

ரெக்கார்ட் ஆபீஸிலிருந்து கடிதம். இத்தனை வருஷம் கழித்து ஏன் சொல்கிறீர்கள், விளக்கம் தேவை.

நியாயமான கேள்வி. நாலு பக்கம் எழுதினேன். என் அம்மாவின் உடம்பு, பதவி உயர்வு, பயம், அப்புறம் பழக்கம். எல்லாம் உண்மைதான். படித்துப் பார்த்தால் எல்லாம் சாக்கு. கிழித்தேன். ஒரே வரி: 'எனக்குத் தைரியம் இருக்கவில்லை.' பதிவுத் தபால்.

ராஜத்துக்கு முழங்கால் வலி. எண்ணெய் தேய்த்துவிட்டேன். "ஏதாவது பதில் வந்துதா?" இதை மட்டும் கேட்பாள். கல்யாண போட்டோ ஹாலில் அப்படியேதான் மாட்டியிருக்கிறது. இருவருமே அதைப் பற்றிப் பேசுவதில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

மழை. எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரிகள் நகரவில்லை, பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

கலைச்செல்வியை ஸ்டாப்பில் பார்த்தேன். பார்க்காத மாதிரி போவாள் என்று நினைத்தேன். வந்து நின்றாள். தீபாவளிக்கு அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டேன்.

"வூட்லதான். ஆனா இந்த தபா வாசல்ல குந்திகினு இருந்தாரு."

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள். சார் என்று சொல்லவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

போன். புது நம்பர். ஏலக் குரல், காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது.

"பாபு, லெட்டர் வந்துகீது. ஞாயித்துக்கெயம வந்து படி."

ஜூனுக்குப் பிறகு அவர் என்னோடு பேசியது இதுதான். கலைச்செல்விக்கு நன்றாகப் படிக்க வரும். என்னை ஏன் கூப்பிடுகிறார் என்று கேட்கவில்லை.

என் பென்ஷன் பற்றி இன்றுவரை எந்தக் கடிதமும் இல்லை. வரலாம்.

டிசம்பர் 14, ஞாயிறு

மழை விட்டு நல்ல வெயில். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். ராஜம் வாசல்வரை வந்தாள்.

தே. வீட்டில் இல்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு வெளியே டீக்கடையில் இருந்தார். ஏலம் முடிந்த நேரம். பத்துப் பன்னிரண்டு பேர். ஐஸ் கடை பஷீர் பாய், வலைக்காரர்கள், கூடை தூக்கும் இரண்டு அம்மாக்கள். தே. சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டிருந்தார். அம்சவல்லி அம்மா கொஞ்சம் தள்ளிச் சுவரோரம். கலைச்செல்வி பக்கத்தில்.

உறையைக் கொடுத்தார். "தமிழ்ல சொல்லு. எல்லாருக்கும் கேக்கணும்."

படித்தேன். முன்பு செய்த பதிவு தவறானது, ரத்து செய்யப்படுகிறது. இன்ன நம்பர் சிப்பாய் தேசப்பன், ரோந்துப் பணியின்போது எதிரிகள் புதைத்த குண்டு வெடித்துக் காயம்பட்டவர். அவர் தரப்பில் எந்தக் கவனக்குறைவும் இல்லை.

யாரோ மெல்ல, "அப்ப பட்டாசு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

பஷீர் பாய்தான் கேட்டார். அவருக்கு நான் யாரென்று தெரியாது. "மொதல்ல இப்டி தப்பா எழுதுனது யாரு சார்? அவனயெல்லாம் இன்னா பண்ணலாம்?"

தே. என்னைப் பார்த்தார். நான் சும்மா இருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார் என்றே தோன்றுகிறது.

"நான்தான் எழுதினேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கை நின்றது. பஷீர் பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார், அப்புறம் தே. பக்கம் திரும்பினார்.

"மிச்சத்தப் படி பாபு" என்றார் தே. "மெடல் வரி இன்னும் வர்ல."

படித்தேன். காயப் பதக்கத்துக்கு அவர் உரியவர், ரெக்கார்டில் சேர்க்கப்பட்டது, பதக்கம் தனியே அனுப்பப்படும். அவ்வளவுதான் கடிதம்.

முடித்ததும் என் கையிலிருந்து வாங்கி, மடிக்காமல் பஷீர் பாயிடம் நீட்டினார். "நீ ஒரு வாட்டி பாரு பாய்." கடிதம் ஒவ்வொரு கையாகப் போனது. படிக்கத் தெரியாதவர்களும் வாங்கிப் பார்த்தார்கள். அம்சவல்லி அம்மா முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கினார்.

கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். யாரும் கூப்பிடவில்லை.