ஒரு வரி கேட்டோம்

ஜனவரி 9, வியாழன்

இன்று பள்ளிக்கூடத்து ஓவிய அறையில் கூட்டம். வந்தவர்கள்: வாடகைக்காரர் சங்கத்தை நடத்தும் கண்ணாடிக்காரப் பெண், அச்சக மேஸ்திரி, அவர் மனைவி, டாக்சிக்காரர், ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற அக்கா தங்கை, போகிற இடமெல்லாம் குடையை மறந்து வைக்கும் வாத்தியார், என் மகள், தையல்காரி. நானும் இருந்தேன். எழுதி வைக்காவிட்டால் நாளைக்கு இல்லை என்று சொல்லிவிடுவார்கள்.

விஷயம் இதுதான். வீடு போனவர்களுக்கு அரசாங்கம் உதவுகிறது. தெருவுக்கு வந்து, விடுதியில் போய்ப் படுத்து, அந்த விடுதிச் சீட்டைக் காட்டினால் உண்டு. வீடு போவதற்கு முன்னால் வந்து கேட்டால் ஒன்றும் கிடையாது. "அதுக்குத்தான் பட்ஜெட்ல நமக்குன்னு ஒரு வரி கேட்கப் போறோம்" என்றாள் கண்ணாடிக்காரி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எழுந்து நின்றேன். "வரியா? இருக்கிற வரி போதாதா? நாமளே போய் இன்னொண்ணு போடச் சொல்லணுமா?"

சிரித்துவிட்டார்கள். அது எழுத்து வரியாம். பட்ஜெட் புத்தகத்தில் ஒரு வரி. ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு எந்த வரி என்று எப்படித் தெரியும்? எல்லாரும் சிரித்து ஓய்ந்தார்கள். தையல்காரி ஓயவில்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். குறித்து வைத்திருக்கிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

எங்கள் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். மார்ச் முப்பத்தொன்றுக்குள் காலி செய்ய வேண்டும்.

மகளுக்குப் பெட்டி கட்டும் வேலை. மணிக்கட்டு உடைந்து இரண்டு மாதம் கூலி இல்லை. அந்த இரண்டு மாதம்தான் இப்போது கதவில் ஒட்டியிருக்கிறது. பேத்தி இதற்குள் மூன்று பள்ளிக்கூடம் மாறிவிட்டாள். நோட்டீசைப் பார்த்து அவள் அழவில்லை. புத்தகங்களுக்கு அட்டை போட வாங்கிய பழுப்புத் தாளைச் சுருட்டி அலமாரிக்கு மேல் வைத்துவிட்டாள்.

ஜனவரி 16, வியாழன்

பட்ஜெட் போடும் நிதிக்குழு முன்னால் பேசுவதற்குச் சங்கத்துக்கு இரண்டு நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். யார் பேசுவது? ஓவிய அறையில் பேசிப் பார்த்தோம். கண்ணாடிக்காரி கைப்பேசியில் மணி வைத்தாள்.

நான்தான் முதலில். நாங்கள் குடியிருந்த மில் லைன் வீடுகளை வாடகை பாக்கிக்காகக் காலி செய்ய வந்த நாளைச் சொல்ல ஆரம்பித்தேன். செப்டம்பர் நான்கு, செவ்வாய்க்கிழமை, காலை பத்தேகால். முன்னால் வந்தவன் கட்டம் போட்ட சட்டை, இரண்டாவது பொத்தான் இல்லை. நான் ஈரக் கையோடு கதவுப் பக்கம் போனேன் —

மணி அடித்துவிட்டது. நான் இன்னும் கதவைத் திறக்கவே இல்லை.

அடுத்து தையல்காரி. அவளும் அதே லைனில் குடியிருந்தவள்தான். அவளுக்கு வருஷமும் தெரியாது, கிழமையும் தெரியாது. "ஐயா, என்னை ஒரு தடவை தெருவுல விட்டாங்க. என் மாதிரி இன்னொருத்தியை விடாதீங்க" என்றாள். கையெடுத்துக் கும்பிட்டாள். ஒரு கண்ணில் மட்டும் தண்ணீர். ஒரு நிமிடம் ஐம்பது விநாடி.

அவள்தான் பேசப் போகிறாளாம்.

"பாட்டி, உங்களுக்கு எல்லாமே ஞாபகம் இருக்கு. அதான் பிரச்சனை" என்றாள் கண்ணாடிக்காரி.

ஞாபகம் இருப்பது குற்றமா? மறந்தவளுக்கு மாலை, மறக்காதவளுக்கு மூலை. நல்ல நியாயம்.

ஜனவரி 17, வெள்ளி

வயிறு எரிகிறது. எழுதினால் அடங்கும் என்று எழுதுகிறேன், எழுதும்போதும் எரிகிறது.

இது இன்று நேற்று வந்த எரிச்சல் இல்லை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவளும் நானும் ஒரே வாரத்தில் ஒரே பிரசவ வார்டில் படுத்தோம். ஜன்னல் ஓரம் ஒரே ஒரு கட்டில், நம்பர் இருபத்தேழு. அதை எனக்குத் தருகிறேன் என்று நர்ஸ் வாக்குக் கொடுத்திருந்தாள். நான் கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் தையல்காரி அதில் காலை நீட்டிப் படுத்திருந்தாள். "ஐயோ, உங்களுதா அக்கா? தெரியாதே" என்றாள். அவளுக்கு எப்போதுமே தெரியாது. நான் ஒன்பது நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

அந்தச் சுவரில் எத்தனை விரிசல் என்று இப்போது கேட்டாலும் சொல்வேன்.

ஜனவரி 27, திங்கள்

தையல்காரி வீட்டுக்கு வந்தாள். உள்ளே கூப்பிடவில்லை, அவளே வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, நம்ம மில் லைன்ல மொத்தம் எத்தனை குடும்பத்தைக் காலி பண்ணாங்க? அதைச் சொல்லணுமாம். எனக்குத்தான் ஒண்ணும் நிக்காதே மண்டையில."

"பேசப் போறவ நீ. என்னைக் கேட்கிறே?"

"உன்னை விட்டா யாரைக் கேட்பேன்? நீ நடமாடுற ரெக்கார்டு ரூம் ஆச்சே."

பாராட்டாம். என் மண்டையில் இருப்பதை எடுத்து இவள் வாயில் போட்டுக்கொண்டு, மைக் முன்னால் நின்று ஒரு கண்ணால் அழுவாள். கை தட்டுவார்கள். நான் நாலாவது வரிசையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

"இருபத்தேழு" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது. பதினொன்று என்று எனக்குத் தெரியாதா? பதினோரு கதவையும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுவேனே.

அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இருபத்தேழா? சரிக்கா" என்று எழுந்து போய்விட்டாள்.

ஜனவரி 30, வியாழன்

சொல்லிவிடலாமா?

பிப்ரவரி 1, சனி

கூட்டத்துக்கு என்று தையல்காரி நீல நிறத்தில் புது ரவிக்கை தைத்துக்கொண்டாளாம். கழுத்தில் சின்னப் பட்டை வேறு. சொல்ல மாட்டேன்.

பிப்ரவரி 3, திங்கள்

வீட்டுக்காரர் இரண்டு பேரை அழைத்து வந்து எங்கள் அறையைக் காட்டினார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "சுவர்ல ஈரம் இருக்குமா?" என்று என்னிடமே கேட்டார்கள். "நாங்க இருக்கிற வரைக்கும் இருக்கும்" என்றேன். சிரித்தேன். பிறகு தட்டில் கை வைக்க முடியவில்லை.

நாளைக்கு அவள் இருபத்தேழு என்று சொல்லி, பொய் என்று கண்டுபிடித்து, எல்லாரையும் வெளியே அனுப்பினால்? போவது அவள் மானம் மட்டும்தானா? என் கதவில் ஒட்டியிருக்கிறதே, அது? கடவுளே, நான் என்ன காரியம் செய்து வைத்திருக்கிறேன். காலையில் பஸ்ஸில் ஏறியதும் சொல்லிவிட வேண்டும்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பஸ்ஸில் சொல்ல முடியவில்லை. அவள் டாக்சிக்காரரின் மாமியார் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள், அந்த அம்மா காது கேளாதவர். சொல்வதைக் கத்திச் சொல்ல வேண்டும். கத்தவில்லை. சாக்குத்தான், தெரியும்.

பெரிய அறை, எலும்பு வரைக்கும் ஏறுகிற ஏசி. மேடையில் ஏழு உறுப்பினர்கள், நடுவில் தலைவி, அவர் முன்னால் ஒரு பித்தளை மணி. இரண்டு நிமிடத்துக்கு அதுதான் எமன்.

தையல்காரி நன்றாகத்தான் பேசினாள். நன்றாகப் பேசாமல் இருந்திருக்கலாம். "இருபத்தேழு குடும்பம் ஐயா" என்றாள். வழுக்கைத் தலை உறுப்பினர் ஒருவர் ஃபைலைப் புரட்டினார். "ஒரு நிமிஷம். இங்க பதிவுல பதினொண்ணுன்னு இருக்கே. இப்படி ஏத்திச் சொன்னா மத்ததை எப்படிம்மா நம்புறது?"

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இருபத்தேழாம் தேதி சொன்னேன், இன்று நான்கு. விரல் விட்டு எண்ணினேன், சரியாக எட்டு. மகள் என் கையைப் பிடித்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, பயத்தில் பிடித்தாள். கண்ணாடிக்காரி கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

தையல்காரி மட்டும் பதறவில்லை. "என் வாய்ல தப்பா வந்திருச்சு ஐயா, எனக்கு மறதி. சரியாத் தெரிஞ்சவங்க அதோ, நாலாவது வரிசை, மூணாவது நாற்காலி. அவங்களைக் கேளுங்க, ஒரு பொத்தான்கூடத் தப்பாது."

எல்லாத் தலையும் திரும்பியது.

எப்படி நடந்து போனேன் என்பது மட்டும் எனக்கு ஞாபகம் இல்லை. என் வாழ்க்கையில் ஞாபகம் இல்லாதது அது ஒன்றுதான். மைக்கைப் பிடித்தேன். "பதினொண்ணுதான்" என்றேன். "கதவு கதவாச் சொல்றேன்."

முதல் கதவு சைக்கிள் கடைக்காரர். தம்பி வீட்டு மாடியில் ஒரு மாதம், பிறகு பாலத்துக்கு அடியில். இரண்டாம் கதவு நாங்கள். மூன்றாம் கதவு இரட்டைப் பிள்ளைக்காரி. ஒரு பிள்ளையை அவள் அம்மாவிடம் விட்டாள், ஒன்றை இடுப்பில் வைத்துக்கொண்டாள். இரண்டும் வளர்ந்துவிட்டன, இன்றுவரை ஒரு வீட்டில் தூங்கியதில்லை. நான்காவது கண் தெரியாத தறிக்காரர். வாசலை எண்ணி நடந்து பழகியவர், வாசல் போனதும் நடையே போய்விட்டது...

எத்தனை நாள் எந்த வராந்தாவில் என்று தேதியோடு சொன்னேன். மணிக்காகக் காத்திருந்தேன். அடிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தால் தலைவி மணியைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"பதினோராம் கதவு இவ" என்றேன். தையல்காரியைக் காட்டினேன். "பஸ் ஸ்டாண்டுல பன்னிரண்டு நாள். தையல் மிஷினுக்குக் கோணி போர்த்தி, அவ மழையில உட்கார்ந்திருந்தா. பதிமூணாம் நாள்தான் விடுதிச் சீட்டு குடுத்தாங்க —"

வாய் அப்படியே நின்றது. பதினோராம் கதவு இவளுடையது. கதவின் மேல் பதினொன்று என்று சிவப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். கடைசிக் கதவு. இவளுக்கு எத்தனை குடும்பம் என்று எப்படித் தெரியாமல் போகும்?

எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிக்க வேண்டுமே. "விழுந்தவனுக்குக் கட்டுப் போடக் காசு வச்சிருக்கீங்க. விழறதுக்கு முன்னாடி பிடிக்க ஒரு கை வைக்கக் கூடாதா? அன்னிக்கு ரெண்டு மாச வாடகைக்கு யாராவது நின்னிருந்தா அந்தப் பதினோரு கதவும் இன்னிக்கும் திறந்து மூடிக்கிட்டிருக்கும். வரி போடச் சொல்லலை சாமி. ஒரு வரி எழுதச் சொல்றேன்."

சிரித்தார்கள். வழுக்கைத் தலையும் சிரித்தார். அன்றைக்குச் சிரித்த சிரிப்பு இல்லை இது.

பிப்ரவரி 5, புதன்

பேப்பரில் வந்திருக்கிறது. "விழும் முன் பிடிக்க ஒரு கை" என்று கொட்டை எழுத்தில். அதற்கு மேல் படம். நீல ரவிக்கை, கழுத்தில் பட்டை.

என் வார்த்தை, அவள் மூஞ்சி.

பிப்ரவரி 6, வியாழன்

நேராக அவள் வீட்டுக்கே போனேன். மிஷினில் ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியும்தானே, பதினொண்ணுன்னு?"

"என் வீட்டு நம்பர் எனக்குத் தெரியாதா அக்கா?"

"அப்புறம் ஏன்டி அங்க போய் இருபத்தேழுன்னே? பொய்யின்னு துரத்தி விட்டிருந்தா? என் பேத்தி எங்கடி போயிருப்பா?"

"துரத்தலையே." நூலைப் பல்லால் கடித்தாள். "எனக்கு அழத்தான் வரும். கதவு கதவாச் சொல்ல உன்னாலதான் முடியும். நீயே பேசுன்னு சொன்னா நீ வருவியா? 'அவ வேண்டாம்னு எறிஞ்சதை நான் பொறுக்கணுமா'ன்னு கேட்பே. உன்னை எனக்குத் தெரியாதா?"

கேட்டிருப்பேன். அதே வார்த்தையைத்தான் கேட்டிருப்பேன்.

"யார்கிட்டயும் சொன்னியா, நான்தான் தப்பாச் சொன்னேன்னு?"

"எனக்குத்தான் மறதியாச்சே" என்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். "நீ இருபத்தேழுன்னதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை. அந்தக் கட்டில் நம்பர்தானே? அந்த ஜன்னல்ல கண்ணாடியே இல்லை, தெரியுமா? ஒன்பது நாள் சாரல் முழுக்க என் மேலதான். பிள்ளைக்குச் சளி வேற. நீ சுகமாச் சுவரோரம் படுத்திருந்தே. எனக்கு அப்படி வயித்தெரிச்சல் உன் மேல."

முப்பத்தொரு வருஷம். செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

வந்துவிட்டது. கேட்டதில் பாதிகூட இல்லை என்று கண்ணாடிக்காரிக்கு வருத்தம். ஆனால் வந்துவிட்டது. வாத்தியார் குடையில்லாமல் நனைந்து வந்து படித்துக் காட்டினார்: வீடு இழக்கும் நிலையில் உள்ள குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு முன்கூட்டிய உதவி. எண்ணினேன், ஒன்பது வார்த்தை. ஒரே வரி.

மார்ச் 29, சனி

உதவிப் பணம் வரும் என்று சங்கம் கொடுத்த கடிதத்தைக் காட்டினோம். ஜூன் வரை பொறுக்கிறேன் என்றார் வீட்டுக்காரர். அடுத்த தடவை ஆள் கூட்டி வந்து காட்டும்போது நாங்கள் சாப்பிடும் நேரம் பார்த்து வரவேண்டாம் என்றேன். அசடு வழிந்தார்.

ஜூன் 2, திங்கள்

உதவி போன வாரம் வந்தது. நோட்டீசை மகளே கிழித்தாள். பசை மட்டும் கதவில் நிற்கிறது.

இன்று பள்ளி திறந்தது. அதே பள்ளி. பேத்தி விடிந்ததும் முக்காலி போட்டு ஏறி, பழுப்புத் தாளை எடுத்து எல்லாப் புத்தகத்துக்கும் அட்டை போட்டாள். பாவாடைதான் முழங்காலுக்கு மேலே போய்விட்டது. நேற்றே தையல்காரி வந்து, கேட்காமலே, மடிப்பைப் பிரித்து நாலு விரற்கடை இறக்கிக் கொடுத்தாள். "நாலு வருஷத்துக்குத் துணி உள்ளே இருக்கு அக்கா, இங்கதானே இருக்கப் போறீங்க" என்றாள். காசு வாங்கவில்லை.

கட்டம் போட்ட சட்டைக்காரனை மன்னித்துவிட்டேன், அவனுக்கும் மேலே ஒருவன் இருந்திருப்பான். வழுக்கைத் தலையை மன்னித்தேன். வாக்குக் கொடுத்து மாற்றிய நர்ஸையும், வீட்டுக்காரரையும், பாதியைக்கூடக் கொடுக்காத அரசாங்கத்தையும் மன்னித்தேன். கெடுக்கப் பார்த்த என்னைக் காட்டிக் கொடுக்காமல், மைக்கையும் கையில் கொடுத்து, அதைச் சொல்லிக் காட்டவும் மாட்டேன் என்கிற ஒருத்தியை மட்டும் இந்தக் கட்டை வேகிற வரைக்கும் மன்னிக்க மாட்டேன்.

தையல்காரி.