மூலையில் ஒரு பாய்

கடலூர்

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்கள் துபாய் போன பிறகு ஒரு முறை வந்த தீட்டு, அப்புறம் எனக்கு வரவில்லை. விலக்கு நாளில் நான் படுக்கும் பாய் மூலையிலேயே சுருண்டிருந்தது. உங்கள் அம்மா தினமும் அதைப் பார்ப்பார்.

“பால் குடுக்குறவங்களுக்கு முன்னப்பின்ன ஆவும்” என்று சிதம்பரத்து டாக்டரம்மா சொன்னதை அவரிடம் சொன்னேன்.

“அவன் போயி எத்தினி மாசம் ஆவுது?” என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து நீங்களும் போன் செய்யவில்லை.

நேற்று வந்துவிட்டது. பாயை விரித்தேன். அத்தை காபியைத் தள்ளி வைத்துவிட்டு, அடுப்படியில் யாரிடமோ போனில் மெல்லப் பேசினார். காபி ஆறுவதற்குள் நீங்கள் கூப்பிட்டீர்கள். “பாப்பா எப்படி இருக்கா?” என்றீர்கள்.

பாப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், மாமா. நேற்று அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா