உன் அண்ணனின் வியாழக்கிழமைகள்

புவாண்ட்-கிளேர், மாண்ட்ரியல்
23-2-1974, சனிக்கிழமை

அன்புள்ள அம்மிணி அனுசூயாவுக்கு அப்பா எழுதுவது. ஈரோட்டில் நீயும் மாப்பிள்ளையும் குட்டி வசுமதியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் உன் அண்ணி சியாமளாவும் சுகம். உன் அண்ணனும் சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் ஒரு சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இது யார் கையெழுத்து என்று பார்த்தாயா? என்னுடையது கண்ணு. மஞ்சள் மண்டியில் ஆயுசு பூராவும் மூட்டை தூக்கின கை இப்போது பேனா பிடித்திருக்கிறது. பனி விழ ஆரம்பித்ததும் வெளியே போக வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன், உன் அண்ணி சும்மா இருக்காதீங்க மாமா என்று பலகையும் சாக்பீசும் எடுத்துக் கொடுத்தாள். முதலில் நான் எழுதினதைப் பார்த்துவிட்டு, மாமா இது எழுத்தா இல்லை மூட்டைக் கொக்கியா என்று கேட்டுச் சிரித்தாள். இப்போது ஊரிலிருந்து வருகிற பத்திரிகையில் பல்பொடி விளம்பரத்தைக்கூட விடாமல் படிக்கிறேன். ஒரு வரி எழுதிவிட்டு விரல் வலிக்குது என்று ஜன்னலைப் பார்ப்பேன், அப்புறம் அடுத்த வரி. மண்டிக் கணக்குப்பிள்ளையிடம் சொல்லி எழுதுகிற சங்கதி இல்லை இது. சியாமளாவிடம் சொல்லி எழுத வைத்தாலும் அவள் அழுதுவிடுவாள். எழுதத் தெரிந்ததே இதற்காகத்தானோ என்று இருக்கிறது.

உன் அண்ணனுக்கு மனசு சரியில்லை. ஆனந்தனுக்கு முதுகுவலி, அதனால்தான் கடிதம் எழுதவில்லை என்று சியாமளா உனக்கு எழுதினாளே, அது பொய். போன புரட்டாசியில் நான் வந்து இறங்கினபோதே ஆள் இளைத்திருந்தான். குளிர் ஊர், வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் பார்த்தால் சாப்பாட்டில் கை வைத்தபடியே உட்கார்ந்திருப்பான். பிள்ளைகள் எழுதின பரீட்சைத் தாள் கட்டுக் கட்டாக அறையில் பிரிக்காமல் கிடக்கும். காலையில் கோட்டு போட்டுக்கொண்டு காரில் பல்கலைக்கழகத்துக்குப் போவான், சாயந்தரம் வருவான், பாடம் நடத்திவிட்டுத்தான் வருகிறான் என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவன் பாடம் இருக்கிற நாளில் மட்டும் மேலே போவானாம், மற்ற நாளெல்லாம் கார் நிறுத்துகிற இடத்திலேயே உள்ளே உட்கார்ந்திருப்பானாம். அவன் துறையில் டைப் அடிக்கிற மதாம் ஜெர்வே என்கிற பிரெஞ்சுக்கார அம்மாதான் கண்டுபிடித்தது. யாரோ விட்டுவிட்டுப் போன கார் என்று நினைத்துப் பனியைத் தட்டிவிடப் போயிருக்கிறாள், கண்ணாடியில் கொஞ்சம் பனி சரிந்ததும் உள்ளே இவன் முகம். அந்த அம்மா பயந்து கத்திவிட்டாளாம். இவன் கண்ணாடியை இறக்கி மன்னித்துக்கொள்ளுங்கள் என்றானாம். இந்தக் கார் சங்கதி எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அதற்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை துறைத் தலைவர் ஹாலிடேயும் அவர் சம்சாரமும் வீட்டுக்கு வருவதாகப் போன் செய்தார்கள். நாங்கள் செய்த காரியத்தைக் கேள். பெரிய மனிதர் வீடு தேடி வருகிறாரே என்று சியாமளா விடியற்காலையில் எழுந்து கேசரியும் போண்டாவும் செய்து, கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டாள். உன் அண்ணனைச் சவரம் செய்ய வைத்து டை கட்டிவிட்டாள். நான் ஜரிகை வேட்டி கட்டி வாசலிலேயே நின்றேன். வந்தவர்கள் முன்னால் அவன் நன்றாகத்தான் பேசினான், சிரிக்கக்கூடச் சிரித்தான், எங்கேயிருந்து அந்தச் சிரிப்பு வந்ததோ. அவர் ஒவ்வொருவரையாகப் பார்த்து எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். நாங்கள் மூன்று பேரும் வெரி குட் என்றோம், எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான், அதைச் சத்தமாகவும் சொன்னேன். அந்த அம்மா கேசரியை ஆசையாகச் சாப்பிட்டு, எப்படிச் செய்வது என்று கேட்டு எழுதிக்கொண்டு போனாள். அவர்கள் கார் திரும்பும்வரை சிரித்தபடி நின்றுவிட்டு உன் அண்ணன் கோட்டைக்கூடக் கழற்றாமல் படுக்கையில் போய் விழுந்தான். அந்த மனிதர் என்னத்துக்கு வந்தார் தெரியுமா. லீவு எடுத்துக்கொள், சம்பளம் நிற்காது, மனசுக்கு வைத்தியம் பார்ப்போம் என்று சொல்லத்தான். எங்கள் பட்டுப்புடவையையும் ஜரிகை வேட்டியையும் பார்த்துவிட்டு, மதாம் ஜெர்வே எதையோ தப்பாகப் புரிந்துகொண்டாள் என்று நினைத்து, வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு போய்விட்டார். ஆள் தெம்பாக இருக்கிறானே என்று தை மாதத்தில் இன்னொரு வகுப்பையும் கொடுத்தார்.

அந்தப் புது வகுப்பில்தான் அது நடந்தது. போர்டில் பாதி எழுதிவிட்டு அப்படியே நின்றுவிட்டானாம், கையில் சாக்பீஸ், திரும்பவும் இல்லை, பேசவும் இல்லை. பிள்ளைகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்து போயிருக்கிறார்கள், கேலி செய்யவில்லையாம், அதைச் சொல்லவேண்டும். மதாம் ஜெர்வே வீட்டுக்குப் போன் செய்தாள். மறுநாள் சியாமளா இவனிடம் சொல்லாமல் ரயில் ஏறிப் போய் ஹாலிடேயிடம் ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். அன்றைக்கே சொல்லியிருக்கலாமே அம்மா என்றாராம் அவர். பல்கலைக்கழகத்திலேயே மனசுக்கு டாக்டர் உண்டு, ஆனால் அது படிக்கிற பிள்ளைகளுக்கு என்று வைத்தது. வாத்தியார் போனாலும் வேண்டாம் என்று விரட்டமாட்டார்கள். ஆனால் உன் அண்ணன், என் வகுப்புப் பையனே பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு குட் மார்னிங் சார் என்பான், அவனுக்கு நான் என்ன பதில் சொல்ல என்று கேட்டான். அங்கே வேலை செய்கிறவர்கள் எங்கே போவது என்று ஹாலிடேக்கே தெரியவில்லை. யார் யாரையோ விசாரித்து, மலைச்சரிவில் இருக்கிற ஓர் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை பார்க்கிற ஒரு டாக்டரைப் பிடித்து நேரம் வாங்கிக் கொடுத்தார். உன் அண்ணனோ போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். இது அவன் வேலையை நிரந்தரம் செய்கிற வருஷம் அம்மிணி. பைத்தியம் என்று பெயர் வந்தால் யார் வேலை தருவான், என் கழுத்தை நீயே அறுத்துவிட்டாய் என்று சியாமளாவைச் சொன்னான். அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவினதையே திரும்பக் கழுவினாள்.

எனக்கு ஒன்று தோன்றியது. அந்த நேரத்தை வீணாக்க வேண்டாம், நான் போகிறேன், எனக்கும் உன் அம்மா போனதிலிருந்து மனசு சரியில்லை, எனக்குப் பாஷை தெரியாது, நீ வந்து சொல் என்றேன். உங்களுக்கா மனசு சரியில்லை, நீங்கள் விடுகிற குறட்டை பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரனுக்கே கேட்குதே என்றான். தூங்கத்தான் தூங்குகிறேன் சாமி, விழித்தால்தானே அவள் இல்லை என்பது தெரிகிறது என்றேன். அப்பனுக்காக என்றால் வருவான், அவன் குணம் உனக்குத் தெரியுமே. போனோம். டாக்டர் குட்டையான மனிதர், அவசரப்படாதவர். அவர் என்னைக் கேட்பார், இவன் தமிழில் சொல்லுவான், நான் சொல்வதை இவன் இங்கிலீஷில் சொல்லுவான். மூட்டை தூக்கினது, உன் அம்மா இட்லிக் கடை போட்டு அவனைப் படிக்க வைத்தது எல்லாம் சரளமாகச் சொன்னான். அவள் இறந்த அன்று என்ன நடந்தது என்று டாக்டர் கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. தந்தி போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் மறுநாள் வரைக்கும் வைத்துப் பார்த்தோம், அப்புறம் பங்காளி மகனை வைத்துக் கொள்ளி போட்டோம் என்றேன். அவனைக் குத்திக்காட்ட வேண்டும் என்று சொல்லவில்லை கண்ணு, கேட்டார், சொன்னேன். இவன் இங்கிலீஷில் ஆரம்பித்தான், என் தகப்பனார் சொல்கிறார் என்கிற வரைக்கும் வந்திருக்கும், அதோடு நின்றுவிட்டான். உதடு மட்டும் ஆடியது. அப்புறம் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதான் பார், உன் அம்மாவுக்காக அவன் அழுது நான் பார்த்ததே அன்றைக்குத்தான். தந்தி வந்த அன்றுகூடப் பாடம் நடத்தப் போனவன் அவன். பல்கலைக்கழகத்தில் ஒருத்தரிடமும் சொல்லவே இல்லையாம். டாக்டர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நான் எழுந்து வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

இதோடு தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. அம்மா செத்தது மட்டும் காரணம் இல்லை, இதற்கு ஒரே காரணம் என்று இருக்காது, நாள் ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெயில் காலம் வரைக்கும் லீவு கொடுத்திருக்கிறார்கள். வேலை நிரந்தரமாகுமா என்பதற்கு யாரிடமும் பதில் இல்லை, ஹாலிடே நல்லவர்தான், அவர் கையில் மட்டும் இல்லையே. மாத்திரை போட்டால் வாய் உலர்ந்து பகலெல்லாம் தூங்குகிறான். போன வாரத்துக்கு முந்தின வாரம் நான் சளி என்று படுத்துக்கொண்டேன், தனியாகப் போனவன் ஆஸ்பத்திரி வாசலில் காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிவிட்டான். டாக்டர் போன் செய்துதான் எங்களுக்குத் தெரியும். கேட்டால், கதவைத் திறக்க முடியவில்லை அப்பா என்கிறான். கார்க் கதவைத் திறக்க முடியாதவனைத் திட்டி என்ன செய்ய. இப்போது நானே கூடப் போகிறேன். நான் இறங்கி அவன் பக்கம் போய்க் கதவைத் திறப்பேன், இறங்குவான். நேற்று முன்தினம் இறங்க வெகு நேரம் ஆனது, பனியில் என் கால் விரைத்துவிட்டது, ஆனாலும் இறங்கினான். வருகிற வாரம் எப்படியோ. அதனால் சித்திரையில் வருவதாகச் சொன்னேனே, வரமாட்டேன். எப்போது வருவேன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

வைகாசியில் வசுமதிக்குக் காது குத்த, தாய்மாமன் மடிக்கு அண்ணன் வந்தே ஆக வேண்டும், அம்மா சாவுக்கும் வராதவர் இதற்கும் வராவிட்டால் இனி எனக்கு அண்ணனே இல்லை என்று எழுதியிருக்கிறாய். உன் கோபம் நியாயம்தான், அதை நான் தப்பென்று சொல்லமாட்டேன். ஆனால் அவன் அதைப் படித்துவிட்டான், மடித்து வைத்துவிட்டு அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. காதுகுத்தைத் தள்ளிப் போடு அம்மிணி. அடுத்த வருஷம் குத்தினால் குழந்தையின் காது ஓடியா போகும். வேறு யார் மடியிலும் வைக்காதே. மாமியார் கேட்டால் முதுகுவலி என்று சொல்லாதே, எங்களைப்போல வெரி குட் என்று நிற்காதே. மாப்பிள்ளையிடம் உள்ளதைச் சொல், ஆனந்தனுக்கு மனசுக்கு வைத்தியம் நடக்கிறது என்று சொல். அவர் புரிந்துகொள்ளாவிட்டாலும் பரவாயில்லை, சொல்லிவிடு.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு, குழந்தையை வெயிலில் விடாதே. மாப்பிள்ளைக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் என் அன்பு. நீங்கள் எல்லாரும் தீர்க்காயுசாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். அண்ணனுக்கு வாரம் ஒரு கடிதம் போடு. எப்போது வருகிறாய் என்று கேட்காதே. குழந்தை என்ன பேசியது, தெருவில் யார் யாரோடு சண்டை, என்ன சமைத்தாய், அதை எழுது. பதில் வராது. பதில் வராவிட்டாலும் எழுது.

ஆசீர்வாதத்துடன்,
உன் அப்பா
மாரப்பன்