சூடு அறியாத கை

இல்லை மச்சான், நீ சொல்வதுதான் தப்பு. முழங்கையை மடக்கினால் ஒரு கோடு விழும். அந்தக் கோடு வெளிப்பக்கம் முடிகிற குழிதான் சூட்டை இறக்கும் புள்ளி. உள்பக்கம் இல்லவே இல்லை. நீ செத்து ஆறு வருஷம் ஆகியும் இதை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

இன்று காலையில் பழைய காக்கிச் சட்டைப் பையில் உன் பீங்கான் உருண்டை கிடைத்தது. கரண்ட்டு பீஸ் கட்டை செய்து மிஞ்சிய மண்ணைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டி, ஒரு பக்கம் மூக்கு வைத்து, சரக்கோடு சரக்காகச் சூளையில் வேக வைத்தாயே, அதுதான். உடம்புச் சூட்டைப் புள்ளியில் அமுக்கியே இறக்கலாம் என்று பஸ் ஸ்டாண்டில் ஒரு புத்தகம் வாங்கி வந்தாய். நான் அஞ்சாவது வரை போனவன், எழுத்துக் கூட்டிப் படித்தேன். நீ படம் மட்டும் பார்த்தாய். சண்டை அங்கே ஆரம்பித்தது.

சூளை வேலைக்காரர்களுக்கு எது வந்தாலும் சூடுதான். கண் எரிந்தால் சூடு, வயிறு வலித்தால் சூடு, முதலாளி மேல் கோபம் வந்தாலும் சூடு. மதியச் சோறு முடிந்ததும் என் காலை மடியில் வைத்து, அந்த மூக்கால் உள்ளங்காலில் அழுத்துவாய்.

"எங்கடா வலிக்குது?"

"கண்ணுலதான். உன் மூஞ்சிய இவ்ளோ கிட்ட பாக்கறன்ல."

"பேசாம அம்பது எண்ணுடா."

"நீயே எண்ணு மச்சான். உனக்கு முப்பதுக்கு மேல வராது, சீக்கிரம் வுட்டுருவ."

அந்தச் சித்திரையில் உன் உடம்பு கொதித்தது. "சூளச் சூடு ஏறிடுச்சிடா, அமுக்கு" என்றாய். ரெண்டு நாள் அமுக்கினேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே, உள்ளங்கால் குழியில், முழங்கையில். மூன்றாம் நாள் சூளையிலிருந்து நேராக உன் வீட்டுக்கு வந்தேன். சரக்கு ஆறுவதற்குள் வெறுங்கையால் இறக்கிப்போட்டுவிட்டு வந்த கை. உன் நெற்றியில் வைத்தேன். ஜில்லென்று இருந்தது.

"தங்கச்சி, எறங்கிடுச்சி. ஆஸ்பத்திரியும் வேணாம் ஒண்ணும் வேணாம். இவன் தல மேல ஐஸு விக்கலாம்."

உன் பெண்டாட்டி ஆஸ்பத்திரிக்குக் கட்டி வைத்திருந்த பையைப் பிரித்தாள். துண்டையும் டம்ளரையும் எடுத்து மறுபடி அதனதன் இடத்தில் வைத்தாள். நீகூடச் சிரித்தாய். "பாத்தியா, புள்ளி வேல செஞ்சிருக்கு."

மறுநாள் காலையில், மிச்சச் சூடும் போகட்டும் என்று அவள் உனக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினாள். சாயந்திரம் உனக்கு நினைவில்லை. டைபாய்டு முற்றிவிட்டது, முன்னமே கொண்டுவந்திருக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கருமாதி முடிந்து வேலைக்குப் போன அன்று, சரக்கை இறக்கிவிட்டு டீ வாங்கினேன். கிளாஸ் கைக்குச் சுடவே இல்லை. வாயில் வைத்தேன், உதடு வெந்துபோனது. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என் உள்ளங்கையைப் பார்த்தபடி நின்றேன். உன் காய்ச்சல் இறங்கவே இல்லை மச்சான். என் கை உன்னைவிடக் கொதித்திருக்கிறது.

இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. இந்த ஆறு வருஷமாக உன் வீட்டில் எண்ணெய்க் குளியல் கிடையாது. பேரப்பிள்ளை தலையில்கூடத் தங்கச்சி ஒரு சொட்டு வைக்க விடுவதில்லை.

இன்று உருண்டையை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்து பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள்.

"என்னாண்ணே அது கையில?"

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. என் வாய்க்குப் பழகியது கிண்டல் ஒன்றுதான். "உன் புருஷன கொன்ன ஆளக் கூட்டியாந்திருக்கன், தங்கச்சி. இந்தா, இந்தக் கைதான்."

அவள் தூரிகையை வைத்துவிட்டாள்.

"அவருகிட்ட வெளையாடுனது போதும்ண்ணே, எங்கிட்ட வேணாம். எண்ண வெச்சி அனுப்புனவ நானு. எனக்குத் தெரியும்."

"இல்லம்மா. அதுக்கு மொத நாளு, சூளையிலேருந்து வந்தன்ல, அப்ப என் கை..."

பொம்மைத் தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் உள்ளே போய்விட்டாள்.