தூதரக முத்திரை

மேலப்பாளையம்,
14.11.2025, வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் மதார் அவர்களுக்கு உங்கள் மனைவி சித்தி ஜனாபா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஃபஹ்மிதாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். மற்றதை ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

கடிதம் எழுதி எத்தனையோ வருடமாகிவிட்டது. செல்போன் வந்த பிறகு நான் பேனாவைத் தொட்டது கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். இப்போது உங்கள் கையில் போன் இல்லாததால் பழைய வழக்கத்துக்கு வந்திருக்கிறேன். இதைப் படம் எடுத்துச் சாலமோனுக்கு அனுப்புவேன். அவர் அச்செடுத்து உங்கள் வழக்கைப் பார்க்கிற வக்கீலம்மாவிடம் கொடுப்பாராம். உங்களோடு ஏழு வருடம் ஒரே அறையில் தங்கிய நன்றிக்கு அந்தப் பாளையங்கோட்டைப் பிள்ளை வாராவாரம் மூன்று மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு வந்து உங்களைப் பார்க்கிறார். யார் செய்வார்கள் இந்தக் காலத்தில்? அவருடைய அம்மா தேவமணி டீச்சரை வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் முறைப்படி ஜெபம் செய்தார்கள். நானும் கூடவே ஆமீன் சொன்னேன்.

உங்களை அடைத்துவைத்திருக்கிற முகாமுக்கு வருகிற கடிதத்தை எல்லாம் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்று சாலமோன் சொன்னார். படிக்கட்டும். படிக்கிற அதிகாரிக்கும் என் ஸலாம். தமிழ் தெரிந்த ஆளைத் தேடிப் பிடித்து அவர்கள் படிப்பதற்குள் உங்களுக்கு நாள் போய்விடுமே என்பதுதான் என் கவலை. இதில் ஒரு பெண்பிள்ளையின் புலம்பலைத் தவிர வேறொன்றும் இல்லை என்று அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

சர்க்கரை மாத்திரை ஒழுங்காகத் தருகிறார்களா? சாப்பாடு ஹலால்தானா என்று கேட்டதற்கு ரொட்டியும் பீன்ஸும் மட்டும் தின்று சமாளிப்பதாகச் சொன்னீர்களாம். ரொம்பக் குளிர் என்றும், தகரத்தாள் மாதிரி ஒரு போர்வைதான் தருகிறார்கள் என்றும் கேள்விப்பட்டேன். நான் இங்கே புழுங்குகிறது என்று காற்றாடியைச் சுழலவிடும்போதெல்லாம் அது ஞாபகம் வந்து நிறுத்திவிடுகிறேன். ஃபஹ்மிதா மறுபடியும் போட்டுவிட்டுப் போகிறாள்.

மச்சான், சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களைப் பிடித்துக் கொடுத்தவள் நான்தான். வேறு யாரையும் காரணம் சொல்லாதீர்கள்.

ஃபஹ்மிதாவுக்கு ஏரல் மாப்பிள்ளை ஆதிலைப் பேசி முடித்தபோது, மாப்பிள்ளையின் உம்மா அக்தர் பானு சர்பத்தைக் குடித்துக்கொண்டே, பெண்ணின் வாப்பா எப்போது வருவார் என்று கேட்டார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். கூட வந்த ஒரு பெண், "வாப்பான்னு ஒருத்தர் இருக்காரா, இல்ல அங்கனயே ஒரு குடும்பம் ஆயிட்டாரா" என்று என் காதில் விழும்படி பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அன்றைக்கே எனக்குப் பித்தம் தலைக்கேறிவிட்டது. மகளின் நிகாஹுக்கு வாப்பாதான் வலீ, பொறுப்பாக நின்று சம்மதம் சொல்ல வேண்டியவர். அவர் வெளிநாட்டில் இருந்தால் தன் சார்பில் ஒருவரை நியமித்துக் கடிதம் அனுப்புவது நம் ஊரில் வழக்கம். துபாயிலும் தம்மாமிலும் இருக்கிறவர்கள் அரைநாள் விடுப்புப் போட்டு, இந்தியத் தூதரக முத்திரை வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். நம் தெருவில் அப்படி எத்தனை கடிதம் வந்திருக்கிறது. அதே மாதிரி முத்திரை போட்ட கடிதம் ஒன்றை அக்தர் பானு முன்னால் விரித்துக் காட்டிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

நீங்கள் சொன்னீர்கள். "ஜனாபா, தூதரகம் இங்கேருந்து பஸ்ஸுல நாலரை மணி நேரம். இப்ப நேரம் சரியில்ல. கடையில பால் வாங்கக்கூட நான் போறதில்ல" என்று சொன்னீர்கள். எனக்கு அமெரிக்காவும் துபாயும் ஒன்றாகத்தான் தெரிந்தது. நான்கு நாள் உங்கள் போனை எடுக்கவில்லை. ஐந்தாவது நாள் நீங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். முத்திரையும் வாங்கிவிட்டீர்கள். திரும்புகிற வழியில், பேர் தெரியாத ஏதோ ஒரு ஊரில் பஸ்ஸை நிறுத்தி ஏறியவர்கள் உங்களிடம் பேப்பர் கேட்டார்கள். மகளை நிகாஹ் செய்துகொடுக்கச் சம்மதிக்கிறேன் என்கிற பேப்பர்தான் உங்கள் சட்டைப்பையில் இருந்தது. அது இப்போது உங்கள் பெல்ட், செருப்போடு ஒரு பையில் கட்டிக் கிடக்கிறதாம்.

இருபத்துநாலு வருடத்தில் நான் உங்களிடம் அடம்பிடித்துக் கேட்டது அது ஒன்றுதான். என் ராசியைப் பாருங்கள்.

நம் ஊரில் வயதைக் கேட்டால் வெள்ளம் வந்த வருடம், பாலம் கட்டிய வருடம் என்று சொல்வார்கள். நான் உங்கள் நாட்டுக் கணக்கில் சொல்வேன். ஃபஹ்மிதா பிறந்து ஒன்பதாம் நாள் அங்கே இரட்டைக் கோபுரம் விழுந்தது. நாற்பதாம் நாளுக்கு வந்து பிள்ளையைத் தூக்குவதாக நீங்கள் டிக்கெட் போட்டிருந்தீர்கள். இந்தப் பெயரை வைத்துக்கொண்டு இப்போது வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது, நிரந்தர விசா கைக்கு வரட்டும் என்று அங்குள்ள வக்கீல் சொன்னார். சரி, ஒரு வருடம்தானே என்று நானும் சொன்னேன். அவள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது அங்கே பேங்குகள் கவிழ்ந்தன. உங்களுக்கு விசா போட்டிருந்த முதலாளியின் விடுதியும் மூழ்கி, உங்கள் பேப்பரும் அதோடு செத்தது. கல்லூரிக்குப் போனபோது கொரோனா. நீங்கள் மூச்சுவாங்கிக்கொண்டு, பிணங்களைக் குளிர்பதன வண்டியில் அடுக்குகிறார்கள் என்று சொன்னதைக் கேட்டு உங்கள் உம்மா ஹமீது பீவி மாமி படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. இந்த வருடம் புது அரசாங்கம் வந்ததும் ஆள் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கோ ஏதோ நடக்கிறது என்று மற்றவர்கள் டிவியை அணைத்துவிட்டுப் போவார்கள். அங்கே ஒவ்வொன்று நடக்கும்போதும் உங்கள் வருகை இங்கே தள்ளிப்போகும். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரப் பெண்கள் எனக்கு ‘அமெரிக்கா ஜனாபா’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். எனக்கு மேலப்பாளையம் கவுன்சிலர் யார் என்று தெரியாது, அந்த நாட்டில் தேர்தல் எந்த மாதம் என்று தெரியும்.

இனி நீங்கள் முகாம் போனில் கூப்பிட்டுச் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்றே நிமிடம்தான் தந்திருக்கிறார்கள், அழவேண்டாம் என்றீர்கள். நான் அழவில்லை. "கோதர் மைதீன்கிட்ட சொல்லு, நான் மௌத்தாயிட்டேன்னு ஜமாஅத்துல எழுதிக் குடுத்துட்டு அவன் வலீயா நின்னு நிகாஹ முடிச்சு வைக்கட்டும். கைதி மவள எவன் கட்டுவான்? வாப்பா இல்லாத எத்தீம் பிள்ளைய கட்டுவாங்க" என்று சொன்னீர்கள். ஊருக்கு அனுப்பிவைக்கிறோம், இதில் கையெழுத்துப் போடு என்று அவர்கள் நீட்டுகிற பேப்பரில் போடமாட்டேன் என்றும் சொன்னீர்கள். எத்தனை வருடமானாலும் வழக்கு நடத்துவேன், விலங்கு மாட்டிக்கொண்டு ஊரில் இறங்கமாட்டேன் என்றீர்கள். அப்புறம் லைன் போய்விட்டது.

உங்கள் தம்பியிடம் சொன்னேன். கோதர் மைதீன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "மச்சி, காக்கா சொல்லிட்டாவன்னு நான் எப்படிப் போயி எழுதுவேன்? வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிஞ்சதும், மய்யித்து இல்லாமலே தொழுற காயிப் ஜனாஸா வைப்பாங்க. உசுரோட இருக்கிற காக்காவுக்கு நான் மொத வரிசையில நின்னு ஜனாஸா தொழணுமா?" என்று கேட்டார்.

உங்களுக்கு அதெல்லாம் யோசனையில் வந்ததா மச்சான்? நீங்கள் மௌத் என்றால் நான் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெள்ளைச் சேலையைச் சுற்றிக்கொண்டு உள்ளறையில் நான் கிடக்க, மகளுக்கு யார் கருகமணி கட்டிவிடுவது? மூன்றாம் நாள் ஃபாத்திஹா ஓதி நெய்ச்சோறு ஆக்கிப் போட்டபிறகு, என்றைக்காவது நீங்கள் வந்து இறங்கினால் எந்த வாசலில் ஏறுவீர்கள்? கோபத்தில்தான் எழுதுகிறேன். கோபப்பட எனக்கு வேறு ஆள் கிடையாது.

ஃபஹ்மிதாவிடம் மறைக்க நினைத்தேன், முடியவில்லை. கங்கைகொண்டான் கம்பெனியில் இருந்து வந்து, அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். "வாப்பா மௌத்துன்னு பொய்யா எழுதிட்டு அதுக்குக் கீழ என் நிகாஹ எழுதுனா, அதுல நான் கையெழுத்துப் போடமாட்டேன்மா" என்று மட்டும் சொன்னாள். பிறகு போய் முகம் கழுவினாள்.

அதனால் போன செவ்வாய்க்கிழமை நானே ஜமாஅத் அலுவலகத்துக்குப் போனேன். கோதர் மைதீன் கூட வந்தார். வாசல்படியில் நின்றே, என் மாப்பிள்ளை அமெரிக்காவில் பிடிபட்டு முகாமில் இருக்கிறார், திருடவில்லை, கொல்லவில்லை, பேப்பர் இல்லாமல் உழைத்தார், அது ஒன்றுதான் அவர்மேல் உள்ள குற்றம் என்று உள்ளே இருந்த நான்கு பேருக்கும் கேட்கும்படி சொன்னேன். பள்ளிவாசல் ஹஜ்ரத் நிதானமாகக் கேட்டார். அடைபட்டிருக்கிற வாப்பாவின் சம்மதத்தை இரண்டு சாட்சிகள் போனில் கேட்டாலே போதும் என்றார். நீங்கள் முத்திரை வாங்கப் போன கதையை நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்து, "முத்திரை யாரும்மா கேட்டா?" என்றார்.

யாரும் கேட்கவில்லை மச்சான். அந்த வாசல்படியில்தான் எனக்கு அது முழுதாக உறைத்தது.

நான் சொன்ன உண்மை எனக்கு முன்னால் ஏரலுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வியாழக்கிழமை காலையில் அக்தர் பானு தனியாக வந்தார். வெள்ளத்தில் பாத்திரக் கடையே போய் ஒன்றுமில்லாமல் நின்றவர்கள், நம் கஷ்டம் அவர்களுக்குப் புரியும் என்று நம்பியிருந்தேன். அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "ஜனாபா, ஒன் மேல ஒரு குத்தமும் நான் சொல்லமாட்டேன். ஆதில அவன் கம்பெனியில அடுத்த வருசம் அமெரிக்காவுக்கு அனுப்புதாங்க. விசா கேக்கையில மாமனாரு அங்க ஜெயில்ல இருக்காருன்னு வந்தா அவன் பொழப்பு என்னாவும்? கொஞ்ச நாள் போகட்டும்" என்று சொல்லிவிட்டு, நிச்சயத்துக்குப் போட்ட மோதிரத்தைத் திருப்பிக் கேட்காமலே போனார். ஃபஹ்மிதா அன்றைக்கே அதை ஒரு தாளில் மடித்துக் கோதர் மைதீன் கையில் கொடுத்தனுப்பிவிட்டாள். இன்று வழக்கம்போல் வேன் ஏறி வேலைக்குப் போயிருக்கிறாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டாள்.

கைதியின் மகளை எவன் கட்டுவான் என்று கேட்டீர்கள். நீங்கள் சொன்னது சரியாகத்தான் போயிற்று. 23ஆம் தேதி நிகாஹ் இல்லை. மண்டபக்காரரிடமும் பிரியாணி மாஸ்டரிடமும் கோதர் மைதீன் சொல்லிவிட்டார். ஆகவே மச்சான், இனிமேல் நீங்கள் மௌத் ஆக வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அந்த வேலை முடிந்தது. உயிரோடு வாருங்கள்.

வழக்கு நடத்தினால் ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகும், ஜெயித்தாலும் ஜெயிக்கலாம், தோற்றாலும் தோற்கலாம் என்று வக்கீலம்மா சொன்னாராம். ஜெயித்து என்ன செய்யப்போகிறீர்கள்? இன்னும் ஒரு கோபுரம் விழும், இன்னும் ஒரு பேங்க் கவிழும், நான் இங்கே உட்கார்ந்து அதையும் கேட்டுக்கொண்டிருப்பேன். போதும். அவர்கள் நீட்டுகிற பேப்பரில் கையெழுத்துப் போடுங்கள். நான்தான் உங்களைப் பஸ் ஏற வைத்தேன், நானே உங்களை விமானமும் ஏறச் சொல்கிறேன். இதற்கு முன் என் பேச்சைக் கேட்டு இந்தக் கதிக்கு ஆளானீர்கள். இன்னும் ஒரே ஒரு முறை கேளுங்கள்.

அப்படி அனுப்பப்பட்டவர்கள் வந்து இறங்குவதை டிவியில் பார்த்தோம். கையிலும் காலிலும் விலங்கு போட்டே கொண்டுவந்தார்களாம். விமான நிலையத்தைவிட்டு வெளியே வரும்போது ஒவ்வொருவரும் துண்டாலும் சட்டையாலும் முகத்தை மூடிக்கொண்டு ஓடினார்கள். டெல்லியோ அமிர்தசரஸோ, எங்கே இறக்கினாலும் சரி, நானும் ஃபஹ்மிதாவும் வந்து நிற்போம். டிக்கெட்டுக்குக் கோதர் மைதீன் சொல்லிவைத்திருக்கிறார். எத்தனை கேமரா இருந்தாலும் இருக்கட்டும், நீங்கள் மட்டும் முகத்தை மூடாதீர்கள். உங்கள் உயரம் அவளுக்குத் தெரியாது. நடை தெரியாது. பிறந்ததிலிருந்து உங்களிடம் அவள் பார்த்தது அந்தப் போனுக்குள் இருக்கிற முகம் மட்டும்தான். அதையும் மூடிக்கொண்டு வந்தால் என் பிள்ளை உங்களை எப்படிக் கண்டுபிடிப்பாள்?

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஹயாத்தைத் தரட்டும் என்று ஐந்து வேளையும் கையேந்தும்,

உங்கள்
சித்தி ஜனாபா